ஆள் வராத தூக்கு

முன்பு ஒரு காலத்தில், நெல்லும் கேப்பையும் விளைகிற ஒரு சின்ன ஊர் இருந்தது. அந்த ஊருக்கு ஒரே ஒரு மாவு மிஷின். மிஷின் வந்த புதிதில் பெண்கள் எல்லாரும் வீட்டுத் திரிகைக் கல்லைத் தூக்கிக் கிணற்றடியில் போட்டு, அதன்மேல் துணி துவைக்க ஆரம்பித்துவிட்டார்கள். இனி அது எதற்கு என்று நினைத்தார்கள்.

மிஷினுக்கு முன்னால் ஒரு தகரக் கொட்டகை உண்டு. விடிந்ததும் பெண்கள் தானியத்தைக் கைப்பிடி வைத்த தூக்கிலோ டின்னிலோ நார்ப்பெட்டியிலோ கொண்டுவந்து அங்கே வரிசையாக வைத்துவிட்டு, வீட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். எஞ்சின் சத்தம் கேட்டால் திரும்பி வருவார்கள். அதுவரை ஆளுக்குப் பதிலாகப் பாத்திரம் நிற்கும்.

அதற்கு முறை இருந்தது. பாத்திரம் நின்றால் ஆளே நின்ற மாதிரி. அடுத்தவர் பாத்திரத்தை நகர்த்தக் கூடாது. மூடியைத் திறந்து பார்க்கக் கூடாது. வெறும் பாத்திரத்தை வைத்து இடம் பிடிப்பது அசிங்கம். முறை வந்ததும் அவரவர் தானியத்தை அவரவர் கையால்தான் மிஷின் வாயில் கொட்ட வேண்டும். அந்த ஊர்க்காரர்கள் சண்டைக்குப் பயப்படமாட்டார்கள். ஆனால் இன்னொருத்தரை முந்திவிட்டோம் என்று பேச்சு வந்தால் வெளியில் தலைகாட்டமாட்டார்கள்.

ஆட்கள் போன பிறகு பாத்திரங்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும். தங்கள் வீட்டுக்காரிகள் பேசுவது போலவேதான் பேசும்.

வெள்ளத்தாய் என்று ஒருத்தி. அவளுக்குப் பல் முளைக்காத கைக்குழந்தை. காய்ச்சலில் கிடந்து எழுந்ததில் அவளுக்குப் பால் வற்றிவிட்டது. பசும்பால் கொடுத்தால் பிள்ளை கக்கியது. அரிசிக் கஞ்சியும் தங்கவில்லை. முளைகட்டிய கேப்பை மாவில் காய்ச்சிய கூழ் ஒன்றுதான் வயிற்றில் நின்றது. அந்த மாவும் தீர்ந்து, பானையைச் சுரண்டிக் கொடுத்தாகிவிட்டது. வீட்டில் மிச்சமிருந்த கேப்பையையெல்லாம் ஒரு சின்னத் தூக்கில் போட்டுக்கொண்டு, இருட்டு பிரிகிற நேரத்திலேயே மிஷினுக்கு ஓடினாள். இன்றைக்கு நாம்தான் முதல் என்று நினைத்துக்கொண்டே போனாள்.

அவளுக்கு முன்னால் ஒரு தூக்கு நின்றது.

உயரமான தூக்கு. கறுத்துப்போன ஈயப் பூச்சு. மூடி இறுக்கமாக மூடியிருந்தது. அந்த ஊரில் எந்த வீட்டில் எந்தப் பாத்திரம் இருக்கிறது என்று எல்லாருக்கும் தெரியும். கல்யாண வீட்டுக்கு இரவல் போய் வருகிற பாத்திரங்கள்தானே. இதை அவள் எங்கேயும் பார்த்ததில்லை. இருந்தாலும் தன் தூக்கை அதற்கு ஒரு சாண் பின்னால், மரியாதையாக வைத்தாள்.

பின்னாலேயே ஆவுடை அரிசியும் நார்ப்பெட்டியுமாக வந்தாள். கோமு தகர டின் நிறைய மிளகாய் வற்றல் கொண்டுவந்தாள். வரிசை வாசல் வரைக்கும் வளர்ந்தது. மிஷின்காரர் தவசி அண்ணாச்சி எஞ்சினைச் சுற்றிக் கிளப்பிவிட்டு, துண்டால் கையைத் துடைத்தார்.

"முதல் தூக்கு யாருது?"

யாரும் முன்னால் வரவில்லை.

"யாருதுன்னு கேக்கேன்லா? வந்து கொட்டுங்க."

"எங்களுக்குத் தெரியாது அண்ணாச்சி," என்றாள் ஆவுடை. "பெரிய வீட்டுத் தூக்கா இருக்கும்."

"பெரிய வீட்டுத் தூக்கு இப்படியா அழுக்கேறிக் கிடக்கும்? அவுக வீட்டுச் சட்டுவக் கரண்டிகூடக் கண்ணாடி மாதிரி மின்னும்," என்றாள் கோமு. பிறகு குரலை இறக்கினாள். "எனக்கென்னமோ மனுசங்க வச்சது மாதிரி தெரியல."

அதற்குப் பிறகு யாரும் அதன் பக்கத்தில் போகவில்லை.

"சரி, ஆள் வரட்டும்," என்றார் அண்ணாச்சி. எஞ்சின் சும்மா ஓடியது. மிஷின் வாயைத் திறந்துகொண்டு ஆடியது. வெயில் ஏறிய பிறகு அவர் எஞ்சினை நிறுத்திவிட்டார். பெண்கள் வீட்டுக்குப் போனார்கள். இடம் போய்விடுமே என்று பாத்திரங்களை அப்படியே விட்டுவிட்டுப் போனார்கள். வெள்ளத்தாய் மட்டும் யாரும் பார்க்காமல் தன் தூக்கிலிருந்து ஒரு பிடி கேப்பையை அள்ளி மடியில் கட்டிக்கொண்டாள்.

ஊர் சாப்பிட்டு அசந்த நேரம். நார்ப்பெட்டிக்கு வாய் சும்மா இருக்காது.

"நீங்க எந்த வீட்டுத் தூக்கு?" என்று கேட்டது.

"என் ஆள் வருவாங்க," என்றது கறுத்த தூக்கு. கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிற குரல்.

"எப்ப வருவாங்க?" என்றது தகர டின்.

"வருவாங்க," என்றது கறுத்த தூக்கு. "நான் வெறும் வயித்தோட நிக்கேன். வெறும் பாத்திரத்துக்குப் பின்னால இவ்வளவு பேர் நின்னீங்கன்னு தெரிஞ்சா கேவலம் எனக்கில்ல, உங்களுக்குத்தான். ஆளுக்கு ஒரு பிடி போடுங்க."

பாத்திரங்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. அது சொன்னதில் நியாயம் இருப்பது போலவும் இருந்தது, இல்லாதது போலவும் இருந்தது.

"என்கிட்ட இருக்கிறது பச்சைப்பிள்ளைக்கு," என்றது வெள்ளத்தாயின் சின்னத் தூக்கு.

"நாங்கல்லாம் போடுதோம்லா? நீ மட்டும் என்ன, ராணி வீட்டுத் தூக்கா?" என்று தகர டின் உறுமியது. "ஒரு பிடிதான. குடியா முழுகிரும்?"

சின்னத் தூக்கு மிஷினைப் பார்த்தது. "நீயாவது சொல்லேன்."

மிஷின் சோம்பலாக, "எனக்கு முன்னும் தெரியாது பின்னும் தெரியாது. வாயில விழுந்தா அரைப்பேன். போட வேண்டியது கை," என்றது.

மூடிகள் லேசாக உயர்ந்தன. அரிசியும் கேப்பையும் வற்றலும் எறும்புச் சாரி போலத் தரையில் ஊர்ந்து முன்னால் போயின. கறுத்த தூக்கின் மூடி திறந்ததை எந்தப் பாத்திரமும் பார்க்கவில்லை. உள்ளே தானியம் விழுந்த சத்தமும் கேட்கவில்லை.

மறுநாளும் ஆள் வரவில்லை. அவரவர் பாத்திரத்தைத் தூக்கிப் பார்த்தவர்களுக்குக் கனம் குறைந்தது தெரிந்தது. ஆனால் வாய்விட்டுச் சொன்னால் பக்கத்துப் பாத்திரக்காரியைத் திருடி என்று சொன்னதாகிவிடும். பேசாமல் மூடியை அழுத்திவிட்டு வைத்தார்கள். யாரோ ஒருத்தி கறுத்த தூக்குக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்திருந்தாள்.

வெள்ளத்தாய் முந்தின நாள் எடுத்துப்போன கேப்பையை, துணி துவைத்துத் திரிகைக் கல் தேய்ந்துபோனதால், உரலில் இடித்துக் கூழ் காய்ச்சியிருந்தாள். திப்பி தொண்டையில் சிக்கிப் பிள்ளைக்குக் கண் சொருகிவிட்டது. விரலை விட்டு எடுத்தாள். அந்தப் பயத்தில் மறுபடி உரல் பக்கம் போகவில்லை.

"அண்ணாச்சி, என்னுதை மட்டும் கொஞ்சம் ஓட்டிக் குடுங்க. பிள்ளை பசியில துடிக்கு."

"நான் மாட்டேன்னா சொல்லுதேன் தாயி? வரிசைன்னு ஒண்ணு இருக்குல்லா. முன்னால நிக்கிறவங்க சரின்னு சொல்லட்டும்."

"எங்களுக்குச் சம்மதம்தான் ஏட்டி," என்றாள் ஆவுடை. "ஆனா நாங்க உனக்குப் பின்னால நிக்கோம். எங்ககிட்டக் கேட்டு என்ன செய்ய?"

வெள்ளத்தாய் கறுத்த தூக்கின் முன்னால் குந்தினாள். வெட்கமாக இருந்தது. இருந்தாலும் மெதுவாகக் கேட்டாள்: "ஒரு நிமிசம் எனக்கு விட்டுக் குடுக்கிறீங்களா?"

மூடிக்குள்ளிருந்து பதில் வந்தது. பக்கத்து வீட்டுப் பெண் பேசுகிற மாதிரி, பதமான குரல். "கொஞ்சம் பொறு தாயி. என் ஆள் வரட்டும்."

அவள் ஓடியிருக்க வேண்டும், இல்லை கத்தியிருக்க வேண்டும். ஆனால் சின்ன வயதிலிருந்து பழகின வாய். "சரிங்க," என்று சொல்லிவிட்டு எழுந்தாள்.

அன்று மத்தியானமும் பாத்திரங்கள் ஆளுக்கொரு பிடி போட்டன. யாரும் கேட்கக்கூட இல்லை.

அதற்கு மறுநாள் காலையில் பிள்ளை அழவில்லை. அழுதபோது பட்ட வேதனையெல்லாம் ஒன்றுமில்லை என்று வெள்ளத்தாய்க்கு அப்போதுதான் தெரிந்தது. பிள்ளையின் தலை தோளில் துவண்டு கிடந்தது. அவள் கொட்டகைக்கு வந்து தன் தூக்கைத் திறந்தாள். அடியில் கொஞ்சம் கேப்பை கிடந்தது. இன்னும் ஒரு நாள் நின்றால் அதுவும் இருக்காது.

அண்ணாச்சி எஞ்சினைக் கிளப்பிவிட்டு வழக்கம் போலக் கேட்டார். "முதல் தூக்கு யாருது?"

"என்னுதுதான்," என்றாள் வெள்ளத்தாய்.

கொட்டகையில் இருந்தவர்கள் எல்லாரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"என்னது?"

"என்னுதுதான் அண்ணாச்சி. ரெண்டும் என்னுதுதான்."

"அடி பாதகத்தி!" என்று கோமு நெஞ்சில் அடித்துக்கொண்டாள். "உன் தூக்குக்கு முன்னால நீயே உக்காந்து வழி கேட்டியே! அது உனக்கு என்னட்டி சொல்லுச்சு?"

"பிள்ளையைக் காட்டி நடிச்சிருக்கா," என்றாள் ஆவுடை.

வெள்ளத்தாய் கறுத்த தூக்கைத் தூக்கினாள். எத்தனையோ பிடி விழுந்த தூக்கு, காகிதப் பொட்டலம் போல மேலே வந்தது. மிஷின் படியில் ஏறி, மற்றவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மூடியைத் திறந்தாள். உள்ளே ஒரு மணிகூட இல்லை. ஒரு மணி கிடந்த தடம்கூட இல்லை. இருட்டு மட்டும் இருந்தது. அடி எங்கே என்று தெரியவில்லை. வெறும் தூக்கு என்று சொன்னால், அப்படியானால் யாருடையது என்று கேட்பார்கள். அவள் தானியம் கொட்டுகிறவள் போல அதைக் கவிழ்த்தாள், தட்டினாள், மூடினாள். பிறகு தன் சின்னத் தூக்கைக் கவிழ்த்தாள்.

மாவு விழுந்தது.

பிள்ளை கூழைக் குடித்துவிட்டு, சாயந்தரம் தொண்டை கிழிய அழுதது. அந்த அழுகையைக் கேட்டுக்கொண்டு வெள்ளத்தாய் அடுப்படியிலேயே உட்கார்ந்திருந்தாள்.

கறுத்த தூக்கையும் வீட்டுக்குக் கொண்டுவர வேண்டியதாகிவிட்டது. தன்னுடையது என்று சொன்னவள் எப்படி விட்டுவிட்டு வருவாள்? மூலையில் சாக்கைப் போட்டு மூடினாள். கிணற்றில் போட்டுவிடலாமா என்று நினைத்தாள். போட்ட பிறகு யாராவது வந்து கேட்டால்?

சின்னத் தூக்கு மூலையைப் பார்த்துக் கேட்டது: "இப்பவாவது சொல்லு. உன் ஆள் யாரு?"

சாக்குக்குள்ளிருந்து, "அதான் வந்துட்டாங்களே," என்று பதில் வந்தது.

முதல் இரண்டு நாள் ஊர் அவளைத் திட்டியது. பிறகு பேச்சு மாறியது. "இத்தனை பேரை வாசல்ல காக்க வச்சிருக்கான்னா சும்மாவா? அவகிட்ட என்னமோ இருக்கு," என்றார்கள். குழாயடியில் அவள் குடத்தைக் கண்டதும் மற்றக் குடங்கள் விலகின. கடையில் அவளுக்கு முதலில் கட்டிக் கொடுத்தார்கள். "வேண்டாம் மதினி, நீங்க வாங்குங்க," என்று அவள் சொல்லச் சொல்ல, பயம்தான் கூடியது.

அடுத்த முறை மாவு தீர்ந்தபோது வெள்ளத்தாய் புதுக் கேப்பையோடு கறுத்த தூக்கையும் எடுத்துக்கொண்டு போனாள். இன்றோடு இதை விட்டுத் தொலைத்துவிட வேண்டும் என்று முடிவு செய்திருந்தாள். கறுத்த தூக்கைக் கையிலேயே வைத்துக்கொண்டு, சின்னத் தூக்கை வரிசையின் கடைசியில் வைத்தாள். அடுத்தவர் பாத்திரத்தைத் தொடக் கூடாதல்லவா? அதனால் பெண்கள் தங்கள் பாத்திரங்களை ஒவ்வொன்றாக எடுத்து அவள் தூக்குக்குப் பின்னால் வைத்தார்கள். கடைசியில் இருந்த தூக்கு அசையாமலே முதலில் நின்றது.

வெள்ளத்தாயால் பொறுக்க முடியவில்லை. "எல்லாரும் கேளுங்க. இந்தக் கறுத்த தூக்கு என்னுது இல்ல. பிள்ளைக்காகப் பொய் சொன்னேன். உள்ள ஒண்ணுமே இல்ல, வேணும்னா பாருங்க."

மூடியைத் திறந்து நீட்டினாள். யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

தவசி அண்ணாச்சி கையை நீட்டி எஞ்சினை நிறுத்தினார். அது இரண்டு முறை இருமிவிட்டு அடங்கியது.

"அப்ப அது யாருது?" என்றார். முகம் வெளுத்திருந்தது. "யாருதுன்னு தெரியாம எப்படி ஓட்டுறது? ஆள் வரட்டும்."

"ஆமா, ஆள் வரட்டும்," என்றாள் ஆவுடை. பெண்கள் அப்படியே தரையில் உட்கார ஆரம்பித்தார்கள். வாசலோரத்தில் ஒருத்தி, இடுப்பில் மெலிந்த பிள்ளையோடு, அவர்களைப் பார்த்துத் தானும் உட்கார்ந்தாள்.

வெள்ளத்தாய் அந்தப் பிள்ளையைப் பார்த்தாள். தன் தோளில் கிடந்த பிள்ளையைப் பார்த்தாள். மூடியை மூடினாள்.

"சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன்," என்றாள். "என்னுதுதான்."

கொட்டகையே மூச்சு விட்டது. எஞ்சின் கிளம்பியது. ஆவுடை அரிசிப் பெட்டியிலிருந்து ஒரு கை அள்ளிக்கொண்டு, தலையைக் குனிந்தபடி வந்தாள்.

"அன்னைக்கு ஏதோ பேசிட்டேன், மனசுல வச்சுக்காதீங்க தாயி. இதைப் போட்டுக்கோங்க."

அவளுக்குப் பின்னால் கோமு கையை மூடிக்கொண்டு நின்றாள். அவளுக்குப் பின்னால் அந்த மெலிந்த பிள்ளைக்காரி.

ஆவுடை போட்டபோது வெள்ளத்தாய் வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தாள். கோமு வந்தபோது பேசாமல் நின்றாள். பிள்ளைக்காரி வந்தபோது மூடியை அவளே திறந்து பிடித்தாள்.