நாற்பது வெற்றிலை

தாடி நரைத்த பிறகு சீடராகச் சேர்ந்தவர் சடையப்பர். குருவான உண்ணாமுலை அம்மாளுக்கு அவரைவிட இரண்டு வயது குறைவு. சடையப்பர் கைராசிக்காரர் என்று ஏற்கெனவே பேர் எடுத்தவர்தான். ஆனாலும் அம்மாள் சம்மதிக்காமல் புது மருந்து எதையும் மனிதர் வாயில் வைக்கக்கூடாது என்பது அந்த வைத்தியசாலையின் சட்டம்.

அன்று மத்தியானம் சடையப்பர் கால் தரையில் பாவாமல் வந்தார். செந்தூரச் சிமிழை அம்மாள் முன்னால் வைத்தார்.

"கால்புண்ணுக்குப் புது மருந்தும்மா. உப்பளத்துல நாப்பது பேரு சாப்பிட்டுப் பார்க்க ஒத்துக்கிட்டாங்க. நாளைக்கே ஆரம்பிச்சுடலாம். நீங்க 'ம்'னு சொன்னாப் போதும்."

"யாருமே வேணாம்னு சொல்லலையா?"

"ஒருத்தர்கூட இல்லம்மா! வெத்தலைத் தட்டை நீட்டினேன். நாப்பது பேரும் கண்ணுல ஒத்திக்கிட்டு எடுத்தாங்க."

வெற்றிலை எடுத்தால் வாக்குக் கொடுத்தாயிற்று. அந்தப் பக்கத்தில் அதற்கு மேல் சாட்சி கேட்பதில்லை.

"ஆட்டுக்குக் கொடுத்துப் பார்த்தீங்களே, என்னாச்சு?"

சடையப்பர் தாடியைத் தடவினார். "ஆறுல அஞ்சு நல்லா இருக்கு. ஒண்ணுக்குக் கண்ணு போச்சு."

"அதை அவங்ககிட்ட சொன்னீங்களா?"

"சொன்னா மிரண்டுடுவாங்கம்மா."

அம்மாள் எழுந்து உள்ளே போனார். வெற்றிலைத் தட்டோடு வந்து நீட்டினார். சடையப்பருக்கு உச்சி குளிர்ந்தது. அனுமதிதான்! ஒரு வெற்றிலையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"நல்லது" என்றார் அம்மாள். சிமிழைத் திறந்து, செந்தூரத்தைக் கிண்ணத்தில் தேன் விட்டுக் குழைத்தார். "சாப்பிடுங்க. நாப்பத்தோராவது ஆள் நீங்கதான்."

சடையப்பரின் கையிலிருந்து வெற்றிலை நழுவி விழுந்தது. அந்த ஆடு சுவரில் முட்டி முட்டி வாசலைத் தேடியது கண்முன்னே வந்தது.

"அம்மா! இதுக்குன்னு நீங்க சொல்லவே இல்லையே!"

"வெத்தலை எடுத்தீங்களே."

"நீட்டினது நீங்க. நான் எப்படிம்மா எடுக்காம இருப்பேன்?"

அம்மாள் கிண்ணத்தை இன்னும் கிட்டே நகர்த்தினார்.

சடையப்பருக்கு அழுகையே வந்துவிட்டது. "நான் மாட்டேம்மா. வேணாம்."

அம்மாள் அந்த நிமிஷமே கிண்ணத்தை எடுத்துவிட்டார்.

"இப்ப உப்பளத்துக்குப் போங்க. அந்த ஆட்டையும் கூட்டிக்கிட்டுப் போங்க. ஒருத்தராவது 'வேணாம்'ங்கிற இதே வார்த்தையை உங்க முகத்துக்கு நேரா சொல்லட்டும். அப்புறம் வந்து என்கிட்ட கேளுங்க."