களியாகிப் போன கசடு

"இந்த உலையை இடிச்சுத் தள்ளப் போறேன்!"

நாச்சியப்பன் கையில் கடப்பாரையுடன் நின்றார்.

செம்பு உருக்கக் கற்றுக்கொள்ள அவர் மருதாயியிடம் வந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. அவருக்கு ஐம்பது வயது. மருதாயிக்கு முப்பத்தைந்து. அன்றுதான் முதன்முறையாக உலை நாச்சியப்பன் பொறுப்பில் இருந்தது.

"என்ன ஆச்சு?" என்று கேட்டபடி வந்தார் மருதாயி.

"கல்லு உருகி வர்ற கசடு வெளியே ஓடமாட்டேங்குது. களி மாதிரி நிக்குது. செம்பு அடியில இறங்காம அதுக்குள்ளயே மாட்டிக்கிச்சு. உறைஞ்சா எல்லாம் போச்சு. ரெண்டு மாசமா மலையிலேருந்து சுமந்த செம்புக்கல்லும்மா!"

"நீங்க என்ன செஞ்சீங்க?"

"சூடு பத்தலன்னு ஊதச் சொன்னேன். இறுக இறுக, இன்னும் வேகமா ஊதச் சொன்னேன்."

மருதாயி துருத்திக்காரர் சடையனைப் பார்த்தார். இருபது வருடமாக அந்த உலைக்கு ஊதுகிறவர். உள்ளங்கை இரண்டிலும் கொப்புளங்கள் இருந்தன. இடது கன்னம் வீங்கியிருந்தது.

"கன்னத்துல என்ன?"

"ஊதுனா இன்னும் இறுகும், நிறுத்துன்னான்," என்றார் நாச்சியப்பன். "அறைஞ்சேன்."

மருதாயியின் முகம் சிவந்தது. இடுப்பிலிருந்து கத்தியை உருவினார். நாச்சியப்பன் பின்வாங்கினார்.

இரண்டு துருத்திகளில் பெரியதன் தோலை ஒரே இழுப்பில் கிழித்தார் மருதாயி.

"பாவி! என் உழைப்பு மொத்தத்தையும் நாசமாக்கிட்டியே!" என்று அலறினார் நாச்சியப்பன்.

மருதாயி இரண்டு கூடை மணலையும் ஒரு கூடை கரித்தூளையும் உலைக்குள் கொட்டினார். சின்னத் துருத்தியைச் சடையனிடம் காட்டினார். சடையன் நிதானமாக ஊதத் தொடங்கினார்.

நாச்சியப்பன் திட்டினார். உலையை, கல்லை, மலையை, மருதாயியின் குலத்தை. தொண்டை கட்டும்வரை திட்டினார்.

வெகுநேரம் கழித்து உலை வாயில் கசடு அசைந்தது. இளகியது. கஞ்சி போல வழிந்து ஓடியது.

"எப்படி?" என்றார் நாச்சியப்பன். குரல் கரகரத்தது.

"அந்தக் கல்லுல இரும்பும் இருக்கு. காத்து மிஞ்சினா அந்த இரும்பே கசடை இறுக்கிடும். காத்தைக் குறைச்சு, மணலும் கரியும் சேர்த்தா இளகும்."

"இதை ஏன் எங்கிட்ட முன்னாடியே சொல்லல?" அவருக்கு மறுபடி கோபம் ஏறியது.

"சொன்னவரைத்தான் அறைஞ்சீங்களே."

நாச்சியப்பன் கடப்பாரையைக் கீழே வைத்தார். பிறகு சடையன் அருகே போய் நின்றார்.

சடையன் நிமிர்ந்து பார்க்கவில்லை. துருத்தியின் கைப்பிடியை அவர் பக்கம் தள்ளினார்.

"பிடி," என்றார். "மெதுவா."