பாறையனின் ஆறாவது அடி

முள்ளி என்கிற முள்ளம்பன்றி தன் வளை வாசலில் உட்கார்ந்து கிழங்கைக் கடித்துத் துண்டு துண்டாகப் போட்டுக்கொண்டிருந்தது. உள்ளே இரண்டு குட்டிகள். இன்னும் முள் கெட்டிப்படாத குட்டிகள்.

தொம்மென்று ஒரு விளாங்காய் வந்து பக்கத்தில் விழுந்தது. பின்னாலேயே பாறையன் கரடியும், சடையன் நரியும், குரங்குக் கூட்டமும் வந்து சேர்ந்தன.

பாறையனைத் தெரியாதவர் அந்தக் காட்டில் கிடையாது. பின்னங்காலில் நிமிர்ந்து, தடியைத் தோளுக்கு மேலே தூக்கி, இடுப்பை ஒரு திருகு திருகி அடித்தால் காய் ஓடையைத் தாண்டித்தான் விழும். வருஷா வருஷம் நடக்கும் ஆட்டத்தில் யார் காய் தூரமாகப் போகிறதோ அவருக்குத் தேனடை. நாலு காட்டுத் தேனடையும் பாறையன் வயிற்றுக்குள்தான் போயிருந்தது.

"இந்த வருஷம் புது ஆட்டம். காயைக் குழியில போடணும்," என்றது சடையன். "உன் வளைதான் குழி. சீக்கிரம் காலி பண்ணு, முள்ளியக்கா."

"உள்ளே குட்டி இருக்கு, தம்பி."

"வேற தோண்டிக்கோ. நகம் இல்லையா உனக்கு?"

குரங்குகள் சிரித்தன. முள்ளி யாரிடமும் அதிர்ந்து பேசாது. அன்றைக்கு அதற்குப் பொறுக்கவில்லை. நகம் தேயத் தேயத் தோண்டிய வளை. கேட்கக்கூட இல்லை, காலி பண்ணு என்கிறார்கள்.

"ஆறு அடியில உங்க ராசா இதுல காயைப் போடட்டும். நான் புள்ளைங்களோட போயிடறேன். போடலைன்னா இந்தப் பக்கமே யாரும் வரக்கூடாது."

"ஆறு எதுக்கு? மூணே போதும்," என்றது பாறையன்.

ஓடைக்கு அப்பால் கோடியில் இருந்த கல்லிலிருந்து ஆட்டம் தொடங்கியது. முதல் அடியில் காய் ஓடையைத் தாண்டியது. இரண்டாவது அடியில் வளைக்கு இரண்டு முழத்தில் வந்து நின்றது. ஒவ்வொரு அடிக்கும் முள்ளி தன் முதுகிலிருந்து ஒரு முள்ளைப் பிடுங்கி மண்ணில் ஊன்றியது. வலித்தது. வலிக்கட்டும் என்று பிடுங்கியது.

இரண்டு முழம்தான் பாக்கி. பாறையன் தெரிந்ததைச் செய்தது. தோளுக்கு மேலே தூக்கி, இடுப்பைத் திருகி அடித்தது. காய் வளையைத் தாண்டி மூங்கில் புதருக்குள் போனது. நாலாவது அடியில் மறுபடி தாண்டி ஓடைக் கரைக்குப் போனது. ஐந்தாவது அடியில் வளைக்கு ஒரு முழத்தில் வந்து நின்றது.

"அண்ணே, சும்மா லேசாத் தட்டுங்க," என்று சடையன் காதில் சொன்னது.

"தட்டுறதுக்கு நான் என்ன பொம்பளையா?"

முள்ளிக்குக் காதெல்லாம் சுட்டது. "பொம்பளைதான் இங்க வீட்டைக் காக்குறா. பேசாம அடி."

பாறையன் பல்லைக் கடித்துக்கொண்டு ஓங்கி ஒன்று விட்டது. அப்படி ஒரு அடியை அந்தக் காடு பார்த்ததில்லை. காய் மரங்களுக்கு மேலே பறந்து மறைந்தே போனது. குரங்குகள் கைதட்டின.

"யப்பா! என்னா தூரம்!"

"தூரம் சரி. குழியில விழுந்துச்சா?" என்றது முள்ளி.

கைதட்டல் நின்றது.

"அஞ்சு அடிதானே ஆச்சு," என்று சடையன் இழுத்தது.

"எண்ணிப் பாரு."

மண்ணில் ஆறு முள் நின்றது. ஒவ்வொன்றின் அடியிலும் துளி ரத்தம். பாறையன் தடியை முள்ளியின் மேல் ஓங்கியது. முள்ளி சட்டென்று திரும்பி முதுகைக் காட்டியது. அத்தனை முள்ளும் கலகலவென்று சிலிர்த்து நின்றன. தடி தானாகக் கீழே இறங்கியது.

"பலம் இருந்தா அந்த மலையை அடி. புள்ளைங்க படுக்கிற எடத்துல வந்து இனி எவனாவது..."

"அம்மா, பசிக்குது," என்று உள்ளேயிருந்து ஒரு குட்டி கூப்பிட்டது. முள்ளி பேச்சை அப்படியே விட்டுவிட்டு வளைக்குள் போய்விட்டது.

ஓங்கி அடிக்க மட்டும் தெரிந்த கைக்கு ஊரே கைதட்டினாலும், அடக்கி அடிக்கத் தெரியாவிட்டால் ஒரு முழத்தைக்கூட அதனால் கடக்க முடியாது.