கொம்பையாவோட மீசையும் சோம்புச் செடியும்

கொம்பையாவுக்கு அறுபது தாண்டியாச்சு. அவரோட குரு மாரிச்செல்விக்கு இன்னும் முப்பது ஆகல. இந்தக் கதையில எனக்கு முதல்ல பிடிச்சதே இதுதான்.

கோவில்பட்டியில ஞாயித்துக்கிழமை ஆனா மாரிச்செல்வி வீட்டுத்தோட்ட வகுப்பு எடுப்பாங்க. பஸ் கண்டக்டரா இருந்து ரிட்டயர் ஆன கொம்பையா முன்வரிசையில உக்காருவாரு. சந்தேகம் வந்தா கை தூக்க மாட்டாரு. பழக்க தோஷம், விசில் அடிப்பாரு. மொத்த வகுப்பும் நின்னுடும்.

அவருக்கு ஒரே ஒரு சந்தேகம்தான். சோம்பு.

அவரோட மச்சினன் சீனிப்பாண்டி பலசரக்குக் கடை வச்சிருக்கான். ஒருநாள் கடையில வச்சு சொல்லிட்டான்.

"சோம்பெல்லாம் வடக்கருந்து வர்ற சரக்கு அத்தான். இந்த வெயில்ல வராது."

"வந்துச்சுன்னா?"

"வராதுங்கறேன்."

கோவத்துல கொம்பையா வாயை விட்டுட்டாரு. பங்குனி உத்திரத்துக்குள்ள சொந்தத் தோட்டத்துல விளைஞ்ச காய்ஞ்ச சோம்பு ஒரு கைப்பிடி, கடைத் தராசுல கொண்டாந்து வைக்கணும். இல்லேன்னா மீசையை எடுத்துடணும். சாதாரண மீசை இல்ல அது. பொண்ணு பாக்கப் போனப்ப அவரோட வீட்டுக்காரி ராமுத்தாய் நிமிந்து பாத்ததே அந்த மீசையைத்தானாம்.

ஐப்பசி மழையில விதைச்சாரு. நாத்து விட்டுப் பிடுங்கி நடாம, நேரா மண்ணுல விதைக்கணும்னு மாரிச்செல்வி சொல்லியிருந்தாங்க. அப்படியே செஞ்சாரு. செடி மயிலிறகு மாதிரி வந்துச்சு பாருங்க, இடுப்பு ஒசரம். தொட்டா கையெல்லாம் வாசம்.

ஆனா பூ இல்ல. மாசி பொறந்தும் ஒரு மொட்டு இல்ல.

மாரிச்செல்விய கையோட வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துட்டாரு.

"டீச்சர், சாணிக்கரைசல் ஊத்தினேன். மீன்கரைசல் ஊத்தினேன். இன்னும் என்ன போடட்டும்?"

"தண்ணி?"

"காலைல ஒரு தடவ, சாயங்காலம் ஒரு தடவ. மத்தியானம் பாக்கப் பாவமா இருந்தா சும்மா இன்னொரு தடவ."

உள்ளேருந்து ராமுத்தாய் சொன்னாங்க. "குழாய்ல தண்ணி வர்ற அன்னைக்கு முதல் குடம் அதுக்குத்தான் டீச்சர். மிச்சம் இருந்தா நாங்க குளிப்போம்."

மாரிச்செல்வி குத்தவச்சு உக்காந்து மண்ணை அள்ளினாங்க. கரிசல் மண்ணு, தோசைமாவு மாதிரி விரல்ல ஒட்டுச்சு. கையைக் கழுவிட்டு கேட்டாங்க.

"ஸ்பேனர் இருக்கா அண்ணாச்சி?"

கொண்டாந்து குடுத்தாரு. தோட்டத்துக் குழாயைத் திறந்து மூடுற திருகைக் கழட்டினாங்க. கழட்டித் தன்னோட பையில போட்டுக்கிட்டாங்க.

"டீச்சர், என் மீசை."

"பஸ்ல தூங்கறவங்கள எப்படி எழுப்புவீங்க?"

"கடைசி ஸ்டாப்புன்னு சத்தம் போடுவேன்."

"போடலேன்னா?"

"டிப்போ வரைக்கும் தூங்குவாங்க."

"உங்க செடி நல்லா தூங்குது அண்ணாச்சி."

அவங்க போயிட்டாங்க.

ரெண்டு மூணு நாள் தாக்குப்பிடிச்சாரு. அப்புறம் ஒரு மத்தியானம் பாத்தா செடி துவண்டு தொங்குது. வீட்டுத் தொட்டியிலருந்து குடத்தை நிறைச்சுட்டாரு. ஊத்தப் போறப்ப மனசு கேக்கல, போன் போட்டாரு.

"டீச்சர், சாகுது."

"ஊத்துங்க. ஆனா இப்ப வேணாம். பொழுது சாஞ்சதும் அதுகிட்ட கேட்டுட்டு ஊத்துங்க."

மத்தியானம் பூரா குடத்துக்குப் பக்கத்துலயே உக்காந்திருந்தாரு. வெயில் தாழ்ந்துச்சு. குடத்தைத் தூக்கிட்டு போனா, செடி நேரா நிக்குது. ஒண்ணுமே நடக்காத மாதிரி.

"என்ன சொல்லுது?"ன்னு ராமுத்தாய் கேட்டாங்க.

ராமுத்தாய் குடத்தை வாங்கிட்டுப் போய் உலை வச்சாங்க.

அதுக்கப்புறம் வந்துச்சு பாருங்க பூ. மஞ்சக் குடைய விரிச்சு வச்ச மாதிரி, ஒண்ணு மேல ஒண்ணு. தேனீ மொய்க்குது. அந்த ஞாயித்துக்கிழமை கொம்பையா வாசல்ல நின்னே டபுள் விசில் அடிச்சாரு. ரைட், போலாம்னு அர்த்தம். வகுப்பே சிரிச்சுது.

பூ பிஞ்சாச்சு. பிஞ்சு காயாச்சு. பச்சைப் பசேல்னு சோம்பு. இங்கதான் சிக்கலே. உத்திரத்துக்கு முந்தின நாள் வரைக்கும் அது பச்சையாவே இருந்துச்சு.

சீனிப்பாண்டி வந்து பாத்தான். ஒண்ணைக் கிள்ளி வாயில போட்டான். மென்னு முழுங்கினான். அப்புறம் சொன்னான்.

"இனிக்குது அத்தான். ஆனா பந்தயம் காய்ஞ்ச சோம்பு. கடையில நல்ல பிளேடா ஒண்ணு எடுத்து வச்சிருக்கேன்."

கொம்பையா மாரிச்செல்வி வீட்டுக்கு ஓடினாரு.

"டீச்சர், இப்பவே பறிச்சு சட்டியில போட்டு வறுத்துட்டா?"

"காய்ஞ்சுடும்."

"பந்தயத்துல ஜெயிச்சிடலாமா?"

"ஜெயிக்கலாம்."

"அப்புறம் அதை விதைச்சா?"

"வறுத்தது முளைக்காது அண்ணாச்சி."

"பறிக்காம விட்டா?"

"அதுவா காயும்."

"எப்ப?"

மாரிச்செல்வி தண்ணி குடிக்கிறீங்களான்னு மட்டும் கேட்டாங்க. வேணாம்னுட்டு வந்துட்டாரு.

ராத்திரி செடிகிட்ட கத்தரிக்கோலோட போனாராம். சும்மாவே திரும்பி வந்தாராம். ராமுத்தாய் சொன்னது.

உத்திரத்தன்னைக்குக் காலையில கொம்பையா கடைக்குப் போனாரு. சீனிப்பாண்டி அவரைப் பாத்துட்டு, யாரோ புது ஆளுன்னு நினைச்சு, "என்ன வேணும் சார்?"னு கேட்டுட்டான். அப்புறம்தான் அடையாளம் தெரிஞ்சுது. பிளேடை எடுத்து டப்பாவுக்குப் பின்னாடி ஒளிச்சான்.

"நானே எடுத்துட்டேன் மாப்ள."

"விளையாட்டுக்குச் சொன்னேன் அத்தான். அக்கா என்னைய வீட்டுக்குள்ள விட மாட்டாளே."

அடுத்த ஞாயித்துக்கிழமை வகுப்புல விசில் சத்தம் இல்ல. மீசை இல்லாத கொம்பையா வந்து முன்வரிசையில உக்காந்தாரு. கொண்டாந்த பச்சை சோம்புக் கொத்துல ஆளுக்கு ஒரு கிள்ளு குடுத்தாரு. எல்லாரும் மென்னாங்க. யாரும் சிரிக்கல.

"மிச்சம் காய்ஞ்சிருச்சா அண்ணாச்சி?"ன்னு மாரிச்செல்வி கேட்டாங்க.

"ஓரத்துல பழுப்பு ஏறுது டீச்சர். ஏறட்டும்."

"மீசை?"

கொம்பையா மேல் உதட்டைத் தடவிக்கிட்டாரு. "வரும். அதுக்கு என்னத்த ஊத்தறது?"

மாரிச்செல்வி பையைத் திறந்து குழாய்த் திருகை எடுத்தாங்க. அவரோட உள்ளங்கையில வச்சாங்க.

"மாட்டிக்கோங்க. இனி இது உங்ககிட்ட இருக்கலாம்."