குளிருக்குப் போட்ட டிக்கெட்

சிறுசேரியில் ஐயாயிரம் பேர் வேலை பார்க்கும் ஒரு பெரிய சாஃப்ட்வேர் கம்பெனி. அதன் துணைத்தலைவர் மகுடபதி மைக்கைப் பிடித்தால் கம்பெனி புராணம்தான். அன்று ஊழியர்கள் நிறைந்த அரங்கத்திலும் அதேதான்.

"இலவசச் சாப்பாடு, ஏசி பஸ், குடும்பத்துக்கே இன்ஷூரன்ஸ்! இங்க என்ன குறை? தைரியம் இருந்தா ஒரு குறை சொல்லி, அஞ்சு நிமிஷத்துல இங்கயே நிரூபிங்க. முடியலைன்னா வேற வேலை பார்த்துக்குங்க!"

கடைசி வரிசையிலிருந்து சாஃப்ட்வேரைச் சோதிக்கும் டெஸ்டர் இசக்கியம்மாள் எழுந்தாள். வெளியே சித்திரை வெயில் கொளுத்தியது. அவளோ ஸ்வெட்டருக்குள் நடுங்கிக்கொண்டிருந்தாள்.

"நீங்க சொன்ன நல்லதெல்லாம் நிஜம் சார். நானும் தினம் சாப்பிடுறேன். இப்போ இந்த ஏசியை மட்டும் கொஞ்சம் குறைக்கச் சொல்லுங்க."

"இவ்வளவுதானா?" மகுடபதி சிரித்துக்கொண்டே பராமரிப்பு ஆளைக் கூப்பிட்டார்.

வந்த ஆள் கையைப் பிசைந்தார். "கம்ப்யூட்டர்ல புகார் டிக்கெட் போட்டு, மேலிடத்து ஒப்புதல் வந்தாத்தான் தொடலாம் சார். நீங்க போட்ட விதி."

"போட்டு நாற்பது நாளாச்சு," என்றாள் இசக்கி. "அஞ்சு அதிகாரிங்க ஒப்புதல் கொடுத்துட்டாங்க. ஆறாவது ஆள்கிட்ட தூங்குது."

"யாரு அந்தச் சோம்பேறி?"

"உங்க லேப்டாப்லயே பாருங்க சார்."

வேகமாகத் திறந்தார். அது மேடையின் பெரிய திரையோடு இணைந்திருந்தது அவருக்கு மறந்தே போனது. திரை முழுக்கத் தெரிந்தது: 'ஏசி குளிர். ஒப்புதல் தர வேண்டியவர்: மகுடபதி.'

சிரிப்பில் அரங்கம் அதிர்ந்தது. வியர்த்துப்போய் ஒப்புதல் பட்டனைத் தட்டினார் மகுடபதி. பராமரிப்பு ஆள் ஓடிப்போய் ஏசியைக் குறைத்தார்.

இசக்கி ஸ்வெட்டரைக் கழற்றி மடித்தாள். "நாலு நிமிஷம்தான் ஆச்சு சார். மிச்சம் ஒரு நிமிஷத்துல அடுத்த டிக்கெட்டையும் பார்த்துடலாமா?"