பத்து நிமிஷ அட்வான்ஸ்

என் மகள் எப்சியின் கல்யாணம் எங்கள் சபைக் கோயிலில் பத்து மணிக்கு. பதினொரு மணிக்கு அதே கோயிலில் இன்னொரு கல்யாணம். "பிந்தினால் அவர்களுக்குத்தான் முதலில் நடக்கும் அம்மா" என்று போதகர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

ஒன்பதரைக்கு எங்கள் முற்றத்தில், மணப்பெண்ணுக்கென்று ஏற்பாடு செய்த பழைய சிவப்பு அமெரிக்கக் கார் பானட்டைத் திறந்துகொண்டு நின்றது. உள்ளே தலையை விட்டிருந்தவர் என் கொழுந்தனார் ஞானதுரை. நான் மனதுக்குள் ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தேன்.

"டைமிங்தான் மயினி. பிஸ்டன் மேல வாறதுக்குக் கொஞ்சம் முந்தியே பொறி விழணும். அந்த முந்துறதுக்குப் பேருதான் அட்வான்ஸ்." பொறியைப் பங்கிட்டு அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரை ஒரு திருகு திருகினார்.

"அதுக்கு டைமிங் லைட்டு வச்சுல்லா பாப்பாங்க?" என்றான் என் மூத்தவன் யோசுவா.

"லைட்டு காது கேக்காதவனுக்குலே! போன மாசம் ஒரு வண்டிக்குக் காதாலயே டைமிங் வச்சேன். பிந்தி ஓடிட்டிருந்த பஸ் ஸ்டாண்டு கடிகாரம், இன்ஜின் சத்தத்தக் கேட்டு வெக்கப்பட்டுத் தானா சரியாயிட்டு."

"ம்ம்" என்றாள் என் நாத்தனார் ரூபி. அவருக்கு அந்த 'ம்ம்' போதும். கையில் இருந்த சின்ன ரப்பர் குழாயை ஆட்டினார்.

"இது வேக்குவம் குழாய். இது வழியாக் காத்த இழுத்தா அட்வான்ஸ் கூடும். வேலை செய்யுதான்னு வாயால உறிஞ்சிப் பாக்கணும். ஒரு நாள் கொஞ்சம் பலமா உறிஞ்சிட்டேன். தெருக்கோடியில பிரேக்கு போட்டு நின்ன லாரி, ரிவர்ஸ்லயே வந்து என் மூக்குப் பக்கம் நின்னுட்டு."

"லாரி மட்டுமா சித்தப்பா?" என்றான் யோசுவா.

"லோடோடதாம்லே. பத்து டன் உப்பு."

பத்துக் கட்டளைகளைப் பழைய வேதாகம மொழிபெயர்ப்பில் பத்துக் கற்பனைகள் என்றுதான் போட்டிருக்கும். பொய்ச்சாட்சி சொல்லாதே என்பது அதில் ஒன்று. இவர் 'கற்பனை' என்ற சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டார் போலும்.

மணி ஒன்பது நாற்பது. எப்சி வெள்ளைப் பட்டுப் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாசலுக்கே வந்துவிட்டாள். ஞானதுரை சாவியைத் திருப்பினார். டமார்! கோழிகள் கூரைக்குப் பறந்தன. அவர் அசரவில்லை.

"அட்வான்ஸ் ஒரு நூல் கூடிட்டு. இப்பிடித்தான் திருச்செந்தூருக்கு எட்டு மணிக்குக் கிளம்பி, ஏழரைக்குப் போய் எறங்கினேன். திரும்பி வந்து பாத்தா, நான் இன்னும் முத்தத்துல நின்னு வண்டியக் கெளப்பிட்டிருக்கேன்! எனக்கு நானே டாட்டா காட்டினேன்."

"அப்போ இந்தக் காரும் இந்நேரம் கோயில்லதான் நிக்கும் சித்தப்பா" என்றாள் எப்சி. "நாங்க ஆட்டோவுல போயி, அங்கன அதைப் பாத்துக்கிடுதோம்."

கர்த்தர் கிருபையால் பத்துக்கு ஐந்து நிமிஷம் இருக்கையில் போய்ச் சேர்ந்தோம். தாலி கட்டி, ஆசீர்வாதம் முடிந்து வெளியே வந்தால், ஒரு தண்ணீர் லாரி சிவப்புக் காரைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வருகிறது.

"உறிஞ்சிட்டாரு பாரு லாரிய" என்றாள் ரூபி.

ஞானதுரை இறங்கினார். கையில் இன்னும் அந்த ரப்பர் குழாய். கோயில் கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தார். மணி பத்து ஐம்பது.

"பாத்தியளா மயினி, நம்ம அட்வான்ஸ! பதினோரு மணிக் கல்யாணத்துக்குப் பத்து நிமிஷம் முந்தியே வந்துட்டேன்."