ஏறிய கொடி இறங்கி வந்தது

செடிகொடிகளும் மனிதர்களோடு பேசிக்கொண்டிருந்த காலம் ஒன்று இருந்தது. அந்தக் காலத்தில் கொடியாகப் பிறந்த எதுவும் கீழ்நோக்கி வளர்ந்ததில்லை. மரமோ பாறையோ, கிடைத்ததைப் பற்றிக்கொண்டு மேலே ஏறும். உச்சிக்குப் போய்ச் சூரியனைப் பார்க்கும். பார்த்ததும் பூக்கும். ஒரு கொடிக்கு அதைத் தவிர வேறு ஆசை இருக்க முடியும் என்று யாரும் நினைத்ததில்லை.

அப்போது மலைச்சரிவு ஒன்றில் எயினி என்று ஒருத்தி இருந்தாள். தேன் எடுப்பது அவள் வேலை. செங்குத்தான பாறையின் விளிம்பிலிருந்து கொடிக்கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்குவாள். புகை போட்டு ஈக்களை விலக்கி, அடையை அறுத்துக் கூடையில் போட்டுக்கொண்டு ஏறி வருவாள். மேலே கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பவன் அவள் கணவன் ஆதன். அந்தரத்தில் தொங்கும்போது அவளுக்குப் பயமே வராது. தரையில் நடக்கும்போதுதான் கல் தடுக்கி விழுவாள் என்று ஆதன் கேலி செய்வான்.

கயிறு திரிக்க அவர்கள் அகன்ற இலைக் கொடி ஒன்றைத்தான் வெட்டுவார்கள். வெட்டி, நிழலில் காயப்போட்டு, நார் இறுகிய பிறகு முறுக்குவது வழக்கம். ஒரு வருஷம் அடைகளை அறுக்கும் முன்னே மேகம் திரண்டுவிட்டது. புதுக் கயிறு இன்னும் காயவில்லை.

"கொடி பச்சையா இருக்கு, எயினி. கொஞ்சம் பொறுக்கலாம்" என்றான் ஆதன்.

"மழை விழுந்தா அடையிலே தண்ணிதான் மிஞ்சும். நான் என்ன பாறாங்கல்லா? என்னைத் தாங்காதா அது? வா மாமா, போகலாம்."

போனார்கள். பாதி தூரம் இறங்கியபோது கயிறு அறுந்தது.

கீழே இருந்த புதர் அவள் உயிரைக் காப்பாற்றியது. ஆனால் இடுப்புக்குக் கீழே எதுவும் அவள் சொன்னபடி கேட்கவில்லை. ஆதன் அவளை முதுகில் சுமந்து வீட்டுக்குக் கொண்டுவந்தான். அறுந்த கொடி அவள் இடுப்பில் சுற்றியபடியே வந்தது. அவளைப் பாயில் கிடத்தியதும் அவன் அதை அவிழ்த்து அடுப்பில் போடப் போனான்.

"எரிக்காதே" என்றாள் எயினி.

"உன்னை இப்படிப் பண்ணினதே இதுதானே!"

"இருக்கட்டும். அதுகிட்ட நான் ஒண்ணு கேக்கணும்."

அவள் பாய்க்கு நேர் மேலே, தேன் வைக்கும் சுரைக்குடுவை ஒன்று உறியில் தொங்கியது. இனி அதில் தேனுக்கு வேலையில்லை. ஆதன் அதில் தண்ணீர் ஊற்றிக் கொடித்துண்டைச் செருகினான்.

சில நாளில் கொடியின் கணுவிலிருந்து வேர் விட்டது. ஓர் இலை சுருள் பிரிந்தது. உயிர் வந்துவிட்டது என்று தெரிந்ததும் எயினி கேட்டாள்.

"ஏன் அறுந்தே?"

"நான் ஒரு பெரிய மரத்திலே பாதி ஏறியிருந்தேன். நீ வந்து வெட்டினே. காய விட்டிருந்தா இறுகியிருப்பேன். பச்சையா முறுக்கினே. தாங்க முடிஞ்ச மட்டும் தாங்கினேன்" என்றது கொடி.

எயினி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அந்தப் பதில் பொய்யாக இருந்திருந்தால் சண்டை போட்டிருப்பாள். அவளும் கொடியும் பல நாள் பேசிக்கொள்ளவில்லை. ஆனால் ஆதன் கிழங்கு தோண்டக் காட்டுக்குப் போய்விட்டால், பகல் முழுக்க அந்த வீட்டில் இருந்தது அவர்கள் இரண்டு பேர்தான். எவ்வளவு நாள்தான் பேசாமல் இருப்பது?

"மேலே பாரு. புகை போற ஓட்டை இருக்கு. பக்கத்திலே மூங்கில் கால் இருக்கு, அதைப் பிடிச்சு ஏறி வெளியே போயிடு. ரெண்டு பேரும் இங்கேயே கிடக்கணும்னு என்ன இருக்கு?" என்றாள் ஒருநாள்.

கொடி ஏறத் தொடங்கியது. ஓட்டைவரை போனதும் வெளியே எட்டிப் பார்த்தது. கீழே இருந்து எயினி கேட்டாள்.

"என்ன தெரியுது?"

"பக்கத்து வீட்டு நாகி பூசணிக்குத் தண்ணி ஊத்தறா. ஊத்தறதைவிடத் திட்டறதுதான் அதிகம்."

எயினிக்குச் சிரிப்பு வந்தது. விழுந்த பிறகு அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை. அதற்குப் பிறகு அது தினப்படி வழக்கமாகிவிட்டது. அவள் கேட்பாள், கொடி சொல்லும். சரிவில் மான் நின்றது, மேகம் எந்தப் பக்கம் போயிற்று, யார் வீட்டில் யார் வந்தார்கள், எல்லாம் அவள் பாய்க்கே வந்து சேர்ந்தது.

ஒருநாள் கொடி சொன்னது: "ஆதன் வர்றான். ஆனா வீட்டுக்குள்ளே வரலை. வாசல்கிட்ட கல்லுமேலே உக்கார்ந்திருக்கான்."

"எதுக்கு?"

"தெரியலை. உள்ளங்கையை விரிச்சு வச்சுப் பார்த்துக்கிட்டிருக்கான். இப்போ அழறான். தினமும் இப்படித்தான். முகத்தைத் துடைச்சுக்கிட்டுத்தான் உள்ளே வருவான்."

எயினி அதுவரை வேறுமாதிரி நினைத்திருந்தாள். முகம் கொடுத்துப் பேசாமல் கஞ்சியை வைத்துவிட்டு நகரும் ஆதனுக்குத் தன்மேல் சலிப்பு வந்துவிட்டது என்று நினைத்திருந்தாள். கயிறு பிடித்த கையையா அவன் பார்த்துக்கொண்டிருக்கிறான்? சலிப்பாக இருந்திருந்தால் அவளுக்கு வருத்தத்தோடு போயிருக்கும். இது அதைவிடக் கனமாக இருந்தது. நான் இந்தப் பாயில் கிடக்கும்வரை அவன் அந்தக் கல்லில்தான் உட்காருவான் என்று அவள் மனதில் விழுந்துவிட்டது.

அன்றிலிருந்து அவள் கஞ்சியைத் தொடவில்லை. ஆதன் கெஞ்சினான். "பசியில்லை" என்றாள். கொடி கூப்பிட்டது. அதற்குப் பதிலே சொல்லவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அது பூக்கும் பருவம். கூரைக்கு வெளியே கொடி நன்றாகத் தழைத்து, அதன் இலைகள் முறம்போல் அகன்றிருந்தன. சூரியனின் குரல் ஓட்டை வழியாக எயினிக்கே கேட்டது.

"வந்துட்டே. இன்னும் கொஞ்சந்தான். அந்த மரக்கிளையைப் பிடிச்சு ஏறு. உனக்கு நான் பூ வச்சிருக்கேன்."

"இதோ வர்றேன்" என்றது கொடி. பிறகு கீழே குனிந்து, "எயினி, கேட்டியா? எனக்குப் பூ வரப்போகுது!" என்று கத்தியது.

அது எயினியின் காதில் விழுந்தது. வாயைத் திறக்கவில்லை.

"எயினி, நாகியோட பூசணியைப் பன்னி தின்னுட்டுது. அவ திட்டறதைக் கேக்கலையா நீ?"

அதற்கும் அவள் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு கொடி சூரியனிடம், "நான் கீழே போய்ப் பார்த்துட்டு வரட்டுமா?" என்று கேட்பது கேட்டது.

"இறங்கற கொடின்னு ஒண்ணு கிடையாது. திரும்பினா பூ இல்லை. உனக்கும் இல்லை, உன்னை ஒடிச்சு நடற எதுக்கும் இல்லை. யோசிச்சுக்கோ."

எயினி மல்லாந்து படுத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். போ, போய்த் தொலை, என்று மனதுக்குள் சொன்னாள். அது போய்விடும் என்றுதான் நம்பினாள்.

அவள் மறுபடி கண் திறந்தபோது, புகை ஓட்டையின் விளிம்பில் ஒரு பச்சை நுனி எட்டிப் பார்த்தது. அது மூங்கில் காலைப் பிடிக்கவில்லை. அந்தக் கால் அவள் முகத்திலிருந்து தள்ளி இருந்தது. அதைச் சுற்றிக்கொண்டு வர நாளாகும் என்றோ என்னவோ, நேராக அவள் முகத்துக்கு மேலே, வெறும் காற்றில், எதையும் பற்றாமல் இறங்க ஆரம்பித்தது. உள்ளே வர வர வெளிச்சம் குறைந்தது. ஒவ்வொரு புது இலையும் முந்தியதைவிடச் சிறுத்துக்கொண்டே வந்தது. தாங்க ஒன்றுமில்லாமல் தன் பாரத்திலேயே அது ஆடியது.

அந்தரத்தில் தொங்குவது என்னவென்று எயினிக்குத் தெரியும். தன்னை அறியாமல் அவள் வாய் திறந்தது.

"மெதுவா. அவசரப்படாதே. ஆட்டம் நிக்கட்டும், அப்புறம் இறங்கு."

கொடி நின்றது. ஆட்டம் அடங்கியதும் மறுபடி இறங்கியது. கடைசியில் ஒரு சின்ன இலை அவள் கன்னத்தைத் தொட்டது.

"முட்டாளே, எதுக்கு வந்தே?" என்றாள். "நீயாவது ஏறியிருக்கலாமே."

"ஏறித்தான் பார்த்தேன். மேலேயிருந்து பார்க்கிறதை எல்லாம் உன்கிட்டச் சொல்லச் சொல்லத்தான் எனக்கே அது தெரிஞ்சுது. நீ கேக்கிறதை நிறுத்தினதும் மேலே பார்க்க ஒண்ணுமில்லை."

"பூ போச்சே."

"போச்சு."

எயினி அழுதாள். பாறையிலிருந்து விழுந்த அன்றுகூட அவள் அழவில்லை. அழுது முடித்ததும் வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"மாமா! கல்லுமேலே உக்கார்ந்திருக்கியா?"

ஆதன் வாசலில் வந்து நின்றான்.

"உள்ளே வா. அழறதா இருந்தா இங்கே உக்கார்ந்து அழு. கொடி பச்சையா இருக்குன்னு நீ சொன்னே, நான்தான் கேக்கலை. கயிறுதான் அறுந்துது. உன் கை விடலை."

ஆதன் அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். அவள் அவன் கையை எடுத்து விரித்து, கொடி பார்த்துச் சொன்ன அந்த உள்ளங்கையில் தன் கையை வைத்துக்கொண்டாள். "கஞ்சி இருக்கா?" என்று கேட்டாள்.

எயினி நடக்கவில்லை. ஆனால் அவள் விரல்களுக்கு முடிச்சு போடத் தெரியும். காய்ந்த நாரை எடுத்து உறி பின்ன ஆரம்பித்தாள். முத்து முத்தாக முடிச்சு வைத்த உறி, வலைபோல் விரியும் உறி, ஒன்றின்கீழ் ஒன்றாகக் குடுவை வைக்கும் உறி என்று விதவிதமாகப் பின்னினாள். கொடியைக் கேட்டு, கணு பார்த்துக் கிள்ளி, ஒவ்வொரு குடுவையிலும் ஒரு துண்டு வைத்தாள். ஆதன் அவற்றை வாசற்காலிலும் உத்தரத்திலும் மூலையிலும் தொங்கவிட்டான். அவள் படுத்தபடி எந்தப் பக்கம் திரும்பினாலும் கண்ணுக்கு நேரே ஓர் இலை ஆடியது. அதிக வெயில் கேட்காமல், தண்ணீர் கொஞ்சம் இருந்தால் போதும் என்று அவை வளர்ந்தன.

ஒருமுறை எயினி கேட்டாள்: "பூக்கலையேன்னு வருத்தமா இருக்கா?"

"சில நாள் இருக்கு" என்றது கொடி. "எல்லா நாளும் இல்லை."

அந்த வீட்டைப் பார்க்கச் சரிவில் இருந்த எல்லோரும் வந்தார்கள். சிலர் ஆளுக்கொரு துண்டு கேட்டு வாங்கிப் போனார்கள். நாகியும் வந்தாள். படுத்துக் கிடப்பவளிடம் போய், அவளுக்குப் பகலில் இருக்கும் ஒரே துணையில் ஒரு கிளையைக் கொடு என்று எப்படிக் கேட்பது? கேட்க நாக்கு எழவில்லை. ஆசையும் விடவில்லை. பேசிக்கொண்டே நைசாக ஒரு நுனியைக் கிள்ளி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"நான் கிளம்பறேன், அக்கா" என்று வாசலுக்கு நடந்தாள்.

எயினி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். கொடியும் பார்த்தது. நாகியின் கால் படி தாண்டும் நேரத்தில் எயினி மெல்லச் சொன்னாள்:

"கணு தண்ணிக்குள்ளே இருக்கணும், நாகி. மறந்துடாதே."

நாகி திரும்பிப் பார்க்காமல் ஓடினாள். அவள் வீட்டில் அந்த நுனி, கேட்டு வாங்கியவர்கள் வீட்டில் வளர்ந்ததைவிட வேகமாக வளர்ந்தது.

இன்று அந்தக் கொடியை மணி பிளான்ட் என்கிறார்கள். தோட்டத்து மரத்தில் ஏறவிட்டால் அதன் இலை முறமாக அகலும். வீட்டுக்குள் தொங்கவிட்டால் கைக்குள் அடங்கும் அளவுக்குச் சிறுத்து, எதையும் பற்றாமல் நம் முகத்தை நோக்கி இறங்கி வரும். பூக்காது. மனிதர் தங்கள் தலைக்கு மேலே பச்சையைத் தொங்கவிட்டு வாழப் பழகியதும், கேட்காமல் கிள்ளிக்கொண்டு போன துண்டுதான் நன்றாக வேர் பிடிக்கும் என்று சொல்ல ஆரம்பித்ததும் அப்போதிருந்துதான்.